குரல்களை வளர்த்தவர்

ஒலிபெருக்கி தமிழ்நாட்டு மேடைக்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவர் செவியிலும் பாடலும் உரையாடலும் தெளிவாக விழ வேண்டும். நாடகமோ இரவு முழுவதும் நீளும். நடிகரின் பிழைப்பு அவர் தொண்டையில் இருந்தது. அத்தகைய மேடைக்கு நடிகர்களை உருவாக்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை தாமோதரனாரிடமும் பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சிலகாலம் பணியாற்றி, 24ஆம் வயதில் நாடக உலகில் நுழைந்தார். எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் தோன்றினால் அவை நடுங்கும். அவருடைய ஆர்ப்பரிப்பைக் கேட்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியில் கருவை இழந்தாள் என்றும், அத்தகைய நிகழ்ச்சிகளால் மனம் வருந்தியே அவர் நடிப்பைக் கைவிட்டார் என்றும் கூறுவர். அதன்பின் நாடகங்கள் எழுதுவதும் பயிற்றுவிப்பதுமே அவர் தொழிலாயின. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் அவர் படைத்தவை.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் தோற்றுவித்தார். அதில் நடித்தவர்கள் சிறுவர்கள். பெண் வேடங்களும் அவர்களுக்கே உரியவை. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அவர்களுள் சண்முகம் நடிப்பதற்காக, ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாடல்களோடும் உரையாடல்களோடும் ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார்.

சிறுவர் குழுக்களை அச்சுறுத்திய ஒன்று உண்டு. நாடகக்காரர்கள் அதனை மகரக்கட்டு என்பர். பருவம் எய்தும் சிறுவனின் குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் உடைந்து தாழ்கிறது. நேற்றுவரை கதாநாயகியாகப் பாடியவன் இன்று அந்தச் சுருதியை எட்ட இயலாது. நோயன்று, இயற்கையே, ஆயினும் பாட்டையே நம்பிய தொழிலில் அது வேலையிழப்புக்கு நிகரானது. வலிந்து பாடினால் தொண்டை மேலும் கெடும். பாட்டால் சோறு கண்ட பிள்ளைக்குப் பொறுத்திரு என்று சொல்வது எளிதா?

சிறுவர்களின் குரலை நம்பி நின்ற அக்குழுவில் பேச்சை இழந்தவர் ஆசிரியரே. 1921ஆம் ஆண்டு குழு சென்னையில் தங்கியிருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. வாய் பேச இயலாமற்போயிற்று. பாடம் என்பது ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்குச் செல்லும் தொழிலில் இதனினும் கொடிய இழப்பு வேறில்லை. பேச்சுக்குரிய மூளைப்பகுதி ஒன்றைப் பிரான்சு நாட்டு மருத்துவர் பிரோக்கா 1861ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் இழந்த பேச்சை மீட்கும் பயிற்சிக்கென மைசூரில் அனைத்திந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கப்பெற்றது 1965இல்தான். சுவாமிகளுக்கு அத்தகைய துணை கிட்டவில்லை.

பேச்சற்ற நிலையிலும் அவர் குழுவைவிட்டுப் பிரியவில்லை. அவர் எழுதிய சொற்களை மாணவர்கள் இரவுதோறும் மேடையில் முழங்கினர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். வள்ளி திருமணம் இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகிறது.