பாலைக் காய்ச்சச் சொன்ன பெண்மணி

பாலைக் காய்ச்சாமல் நம் அன்னையர் நமக்குத் தருவதில்லை. அந்த எளிய வழக்கத்தின் அருமையை உலகுக்கு உணர்த்தப் பாடுபட்டு, தம் உடல்நலத்தையே இழந்த ஒரு பெண்மணியை நாம் அறிந்துகொள்வோம்.

ஆலிஸ் எவன்ஸ் 1881-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கல்லூரியில் சேரப் பணமில்லாததால் நான்காண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். பின்னர், கிராம ஆசிரியர்களுக்கென நடந்த இலவச வகுப்பின் மூலம் கார்னெல் பல்கலைக்கழகம் சென்று 1909-இல் பட்டம் பெற்றார். உதவித்தொகையுடன் மேலும் பயின்று, அரசின் பால்பண்ணைத் துறையில் ஆய்வாளரானார்.

இதற்கு முன்பே மால்டா தீவில் ஒருவகைக் காய்ச்சல் மக்களை வாட்டி வந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் சோர்வும் மாதக் கணக்கில் நீடிக்கும். அதன் கிருமியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். நல்ல நிலையில் தோன்றிய ஆடுகளிடமே அக்கிருமி குடியிருந்ததை 1905-இல் மால்டா மருத்துவர் சம்மித் கண்டார். மறு ஆண்டு ஆங்கிலப் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது.

அந்த ஆட்டுக் கிருமியும், பசுக்களுக்குக் கன்றுவீச்சு நோயைத் தரும் கிருமியும் நெருங்கிய உறவுடையவை என்று 1917-இல் ஆலிஸ் அறிவித்தார். ஆகவே காய்ச்சாத பசும்பாலும் மனிதருக்குத் தீங்கு தரலாம் என எச்சரித்தார். பண்ணையாளர் அதை எதிர்த்தனர். அறிஞர் பலரும் நம்ப மறுத்தனர். அவர் பெண், டாக்டர் பட்டமும் பெறாதவர்!

1922-இல் ஆய்வுக்கூடத்திலேயே அந்நோய் அவரைப் பற்றிக்கொண்டது. அவருடையது மனப்பிரமை என்றுகூட மருத்துவர் சிலர் எண்ணினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நோய் வருவதும் போவதுமாக இருந்தது. ஆயினும் அவர் பணியை விடவில்லை. பிற ஆய்வாளர்களும் அவர் கூறியதே உண்மை எனக் கண்டனர். 1928-இல் அமெரிக்க நுண்ணுயிரியலார் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1930-களில் அந்நாட்டில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை பரவலாயிற்று. 1975-இல், 94-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

புரூசெல்லோசிஸ் எனப்படும் இந்நோய் இன்றும் நம் நாட்டில் உண்டு. ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிப்பது நல்லது என்பாரும் உளர். நாம் காய்ச்சியே குடிப்போம். ஆடு ஈனும்போதும் குட்டி வீசும்போதும் வெறுங்கையால் தொடலாகாது என்பதையும் வீட்டாருக்கு எடுத்துரைப்போம்.

ஊரே மறுத்தாலும் தாம் கண்ட உண்மையை விட்டுக்கொடுக்காத அந்த மன உறுதியை இறைவன் நமக்கும் அருள்வாராக!