அலிகர் விடுதியும் சர் சையத் அவர்களும்

ஒரு கல்லூரியின் உயிர் வகுப்பறையில் இருப்பதாகவே பலரும் கருதுவர். சர் சையத் அகமது கான் அவர்களோ அது விடுதியில் இருப்பதாகக் கருதினார். அலிகர் என்றதும் நாம் அவரைக் கல்லூரி நிறுவனராகவே நினைவுகூர்கிறோம். விடுதித் தந்தையாக அவர் ஆற்றிய பணியை அத்துணை நினைப்பதில்லை.

1817 அக்டோபர் 17இல் தில்லியில் பிறந்த அவர், தாய்வழிப் பாட்டனாரின் பெரிய இல்லத்தில் உற்றார் சூழ வளர்ந்தவர். தந்தை மறைந்தபின் கம்பெனியாரின் நீதித்துறைப் பணியில் சேர்ந்தார். 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அந்த இல்லத்தைச் சிதைத்தது. அல்லலுற்ற அன்னையாரை மீரட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே சின்னாளில் அன்னையார் இறையடி சேர்ந்தார். வீடிழந்த துயரை அறிந்தவரே பின்னாளில் பிறர் பிள்ளைகளுக்கு வீடமைக்க முனைந்தார் என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

1869இல் இங்கிலாந்து சென்ற அவர், கேம்பிரிட்ஜில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறைந்து கற்கும் முறையைக் கண்டார். 1875 மே 24இல் அலிகரில் பள்ளி தோன்றிற்று. 1877 சனவரி 8இல் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். தொலைவிலிருந்தும் பிள்ளைகள் வரலாயினர். செல்வர் மகனும் எளியவர் மகனும், சுன்னத் ஜமாஅத்தாரும் ஷியாக்களும், இந்துக்களும் ஓரிடத்தில் வாழ்ந்தாக வேண்டும். இவர்களுள் எவரும் தம்மை அயலாராக எண்ணாதிருக்கச் செய்வது எங்ஙனம்?

அவர் கண்ட வழிகளுள் நம்மை மிகக் கவர்வது ஒன்று. சர் சையத் அவர்களின் மார்க்கக் கருத்துக்கள் சிலவற்றை ஆலிம்கள் பலர் வன்மையாக எதிர்த்தனர். அவருக்கு எதிரான தீர்ப்புகள் மக்காவிலிருந்தும் பெறப்பட்டன. தம் கொள்கையைப் பரப்பவே கல்லூரி கட்டினார் என்ற ஐயம் எழுந்தால் எந்தத் தந்தை பிள்ளையை அனுப்புவார்? எனவே மார்க்கக் கல்வியைச் சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் தனித்தனிக் குழுக்களின் பொறுப்பில் விட்டுத் தாம் விலகி நின்றார். தாம் எழுப்பிய நிறுவனத்தில் தம் குரலையே அடக்கிக்கொள்வது எளிதன்று. பள்ளிவாசலோ இரு சாராருக்கும் பொதுவாக ஒன்றே எழுந்தது.

இந்து மாணவர்க்கும் அவ்விடம் அயலிடமாக இல்லை. கல்லூரியின் முதல் பட்டதாரி ஈசுவரி பிரசாத் என்பவரே. ஹஜ்ஜுப் பெருநாளின்போது மாணவர் சிலர் குர்பானிக்கெனப் பசு வாங்கியதை அறிந்த சர் சையத், விரைந்து சென்று அதனை உரியவரிடம் திருப்பியனுப்பினார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கறுப்பு மேலங்கியும் துருக்கித் தொப்பியும் பொது உடையாயின. கிரிக்கெட்டும் 1884இல் தோன்றிய சொற்போர் மன்றமும் பல ஊர்ப் பிள்ளைகளை ஓரணியாக்கின. 1890இல் பேராசிரியர் ஆர்னால்டின் துணையோடு ஒரு சங்கம் எழுந்தது. வறிய தோழர்களின் படிப்புக்காக மாணவர்களே ஊரூராகச் சென்று நிதி திரட்டினர். அலிகர் தம்முடையது என்ற உணர்வை அவர்களுக்கு ஊட்டியது இதுவே என்பது நம் துணிபு; விருந்தினன் எவனும் வீட்டுக்காக உண்டியல் ஏந்துவதில்லை.

குறையும் உண்டு, அதை மறைப்பது முறையாகாது. பக்கா விடுதி, கச்சா விடுதி என இரு வகை இருந்தன. கூடுதல் கட்டணம் செலுத்தியோர் செங்கற் கட்டடத்திலும், மற்றையோர் எளிய கட்டடத்திலும் தங்கினர். மேலங்கி மறைத்த வேற்றுமையை அறைச் சுவர் காட்டிக்கொடுத்தது. பெண்மக்களுக்கு அங்கு இடமே இல்லை. அவர்களுக்கென அலிகரில் பள்ளி தோன்ற 1906ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தம் மகனார் சையத் மஹ்மூதைத் தமக்குப்பின் பொறுப்பில் அமர்த்த முயன்றதும் பிளவை உண்டாக்கிற்று. தொடக்கநாள் தோழரான மௌலவி சமீயுல்லாஹ் கான் பிரிந்து சென்றார். அவரும் வாளாவிருந்தாரல்லர், 1892இல் அலகாபாத்தில் முஸ்லிம் மாணவர்க்கென ஒரு விடுதியை நிறுவினார்!

இறுதி ஆண்டுகள் துயர்மிக்கவை. 1895இல் கல்லூரி எழுத்தர் ஒருவர் பெருந்தொகையைக் கையாடியது வெளிப்பட்டது. மகனாரின் உடல்நலமும் மனநலமும் குன்றின. முதுமையில் தம் இல்லத்தையும் விட்டு நண்பரொருவரின் வீட்டில் தங்க நேர்ந்தது. அங்கேயே 1898 மார்ச் 27இல் சர் சையத் மறைந்தார். கல்லூரிப் பள்ளிவாசலின் வளாகத்தில், மாணவர்கள் தொழுகைக்கு வந்துபோகும் இடத்தருகே அவரை நல்லடக்கம் செய்தனர்.