அமேசானில் பதினோர் ஆண்டுகள்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1825ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டு, காலுறை வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பகல் முழுதும் உழைப்பு, இரவில் வகுப்பு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வண்டு பிடித்தல். அவ்வூருக்கு ஆசிரியராக வந்த ஆல்பிரட் ரசல் வாலஸுக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. 1848இல் இருவரும் தென்னமெரிக்காவின் அமேசான் காட்டுக்குக் கப்பலேறினர். பூச்சிகளை லண்டனுக்கு அனுப்பி, அவற்றை விற்று வரும் பணமே அவர்களுக்குச் சோறு.

நான்கு ஆண்டுகளில் வாலஸ் ஊர் திரும்பினார். பேட்ஸ் திரும்பவில்லை. ஒருமுறை ஓராண்டுக் காலம் கடிதமோ பணமோ வந்து சேராமல், உடை கந்தலாகி, வெறுங்காலுடன் திரிந்தார். ஆயினும் வலையைக் கீழே வைக்கவில்லை.

அங்கே இத்தோமியா என்னும் வகைப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக, மெல்லப் பறந்தன. எளிதில் பிடிபடக்கூடிய அவற்றைப் பறவைகள் தீண்டாததை அவர் கண்டார். சுவை பிடிக்காததே காரணம் என்று கருதினார். அக்கூட்டத்தினிடையே லெப்டாலிஸ் என்னும் வேறு வகையும் சிறு எண்ணிக்கையில் கலந்து பறந்தது. அதே பட்டைகள், அதே நிறங்கள்! பறக்கும்போது பேட்ஸுக்கே வேறுபாடு தெரியவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். இத்தோமியாவின் முன்கால்கள் இரண்டும் குறுகிப்போனவை. அது நான்கு கால்களால் நடக்கும். லெப்டாலிஸுக்கோ ஆறு கால்களும் முழுமையானவை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. மேலும் ஒரு வியப்பு: இடத்துக்கு இடம் இத்தோமியாவின் நிறக்கோலம் மாறும்போது, லெப்டாலிஸின் கோலமும் உடன் மாறியது.

பேட்ஸ் ஊர் திரும்பிய 1859ஆம் ஆண்டில்தான் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. அந்நூலின் கருத்துக்குத் தம் பட்டாம்பூச்சிகளே சான்று எனப் பேட்ஸ் உணர்ந்தார். கசப்பான பூச்சியைச் சிறிதேனும் ஒத்திருந்தவை பறவைகளிடமிருந்து தப்பின. அவற்றின் குஞ்சுகள் பெருகின. தலைமுறைதோறும் ஒப்புமை கூடியது. 1862இல் அச்சான இவ்விளக்கத்தை டார்வின் மிகவும் பாராட்டினார். இவ்வகைப் போலித்தோற்றம் இன்றும் பேட்ஸின் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1892இல் அவர் மறைந்தார்.

இத்தகைய இணை நம் நாட்டிலும் உண்டு. ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறி வளரும் ரோசா அழகியைப் போலவே, கறிவேப்பிலை அழகியின் பெண்களுள் சில தோன்றும். உடலைப் பார்க்க வேண்டும்: சிவப்பாக இருந்தால் அது ரோசா அழகி, கறுப்பாக இருந்தால் போலி.