சினிமா ராணி டி. பி. ராஜலட்சுமி

பள்ளி ஆண்டு மலரில் ஒரு சினிமா நடிகையின் வரலாறா என்று பெற்றோரில் சிலர் முகம் சுளிக்கலாம். எட்டு வயதில் தாலி கட்டப்பட்டு, வாழாவெட்டி என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சிறுமி, தன் கைத்திறனால் ஒரு குடும்பத்தையே தாங்கி நின்ற கதை இது. இதை நம் மாணவியர் அறிய வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். தவிர, நம் தொரப்பள்ளிக்கும் வெள்ளித்திரைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இம்மண்ணின் மைந்தர் மூதறிஞர் ராஜாஜி எழுதிய 'திக்கற்ற பார்வதி' 1974-ல் வெளிவந்த படமாயிற்று. அது இவ்வூரிலேயே படம்பிடிக்கப்பட்டது.

தஞ்சைத் தரணியின் திருவையாற்றில் 1911 நவம்பர் 11 அன்று பிறந்தவர் ராஜலட்சுமி. தந்தை பஞ்சாபகேச சாஸ்திரிகள் கிராமக் கணக்கர். பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் அப்படியே திருப்பிப் பாடும் குரல்வளம் குழந்தைக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. ஆனால் அக்காலத்தில் பெண் குழந்தையின் பாட்டை யார் பொருட்படுத்தினார்கள்? ஏறத்தாழ எட்டு வயதில் திருமணம் முடித்தனர். வரதட்சிணை போதவில்லை என்பது புகுந்த வீட்டாரின் குறை. பிறந்தகத்துக்கே திரும்பி வந்தாள் சிறுமி. அந்தத் துயரோடு தந்தையும் காலமானார்.

இன்றைய மாணவியருக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம். ராஜாஜிக்கு 1897-ல் வாழ்க்கைப்பட்டபோது அலமேலு மங்கம்மாளுக்கும் வயது பத்துதான். பெரிய குடும்பம், சிறிய குடும்பம் என்ற வேற்றுமை இதில் இருந்ததில்லை. பெண்ணுக்குப் பதினான்கு வயதாவது நிரம்ப வேண்டும் என்ற சாரதா சட்டம் 1929-ல்தான் இயற்றப்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டன. என்றாலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமங்களிலிருந்து குழந்தைத் திருமணச் செய்திகள் வருவது இன்றும் நின்றபாடில்லை.

கதைக்கு வருவோம். தாய் மீனாட்சி மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குக் குடிபெயர்ந்தார். நாடகத் தமிழின் தந்தை எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள், சிறுமியின் பாட்டுத் திறத்தைக் கண்டு நாடகக் கம்பெனியில் சேர வழிசெய்தார். பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்று நடித்த காலம் அது. ஆசாரமான குடும்பத்துப் பெண் மேடையேறினால் உறவினர் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பேசியவர்களா அந்த வீட்டில் உலை வைத்தார்கள்?

பவளக்கொடி முதலிய நாடகங்களில் அவர் புகழ் பரவியது. பின்னர் ஊமைப்படங்களிலும் தோன்றினார். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' பம்பாயில் தயாரானபோது கதாநாயகியாகும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. எச். எம். ரெட்டி அதன் இயக்குநர், அர்தேஷிர் இரானி தயாரிப்பாளர். வேடிக்கை என்னவென்றால், ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதிலளிப்பார்! எல்லையோரத்தில் வாழும் நம்மவருக்கு இது வியப்பாகவே இராது. சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேரம் பேசுவதை நாள்தோறும் கேட்கிறோமே. பழைய புராணக் கதைக்கு நடுவே காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டும், ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் இடம்பெற்றன. பின்னணிப் பாடகர் என்று ஒருவர் இல்லாத நாட்கள். நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாடியாக வேண்டும்.

படச்சுருள் சென்னைக்கு வந்தபோது மக்கள் வால்டாக்ஸ் சாலையில் பூத்தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வரவேற்றனராம். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வெளியாயிற்று. ராஜலட்சுமிக்கு இருபது வயது நிறைய இன்னும் பதினோரு நாட்கள் இருந்தன.

அடுத்து 1933-ல் 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றது. கல்கத்தாவில் எடுக்கப்பட்ட இப்படத்தின் தயாரிப்பில் பங்குகொண்டவர் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வே ஊழியராயிருந்த இவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, இயேசுநாதர் வாழ்க்கைப் படம் உட்படப் பலவற்றை ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டியவர். 'வள்ளி'யாக நடித்த ராஜலட்சுமியை மக்கள் சினிமா ராணி என்றே அழைக்கலாயினர். உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் மணந்துகொண்டார்.

நம்மை மிகவும் கவர்வது இதன் பிறகு நடந்ததுதான். தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார். விருப்பமில்லாத மணத்தில் சிக்கவைக்கப்படும் பெண்ணைப் பற்றிய கதை. எங்கிருந்து இக்கதை அவருக்குக் கிடைத்தது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கதை, தயாரிப்பு, இயக்கம், படத்தொகுப்பு, நடிப்பு எல்லாம் அவரே. பம்பாயில் 1926-ல் படம் இயக்கிய ஃபாத்மா பேகத்துக்குப் பின் இந்தியாவில் இத்துணிவு கொண்ட பெண்மணி இவர்தான். தென்னாட்டில் இவரே முதல்வர். தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். 1939-ல் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு 'நந்தகுமார்' படத்தில் யசோதையாகத் தோன்றினார். கண்ணனாக வந்த சிறுவன் டி. ஆர். மகாலிங்கம்.

சொந்தப் படங்கள் கைப்பொருளைக் கரைத்தன. புதுமுகங்கள் வந்தனர், வாய்ப்புகள் குறைந்தன. சிலகாலம் சிறு வேடங்களில் நடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் ஈட்டிய காலத்தில் அவர் தமக்கென்று மட்டும் சேர்க்கவில்லை. உற்றார் பலர் அவர் நிழலில் வாழ்ந்தனர். பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட இருந்த ஒரு பச்சிளங்குழந்தையை மீட்டு வந்து, தம் மகளைப் போலவே வளர்த்தார். மாநிலத்தின் கலைமாமணி விருது 1961-ல் அவரைத் தேடி வந்தது. 1964-ல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் நடித்த 'காளிதாஸ்' படச்சுருள் இன்று எங்குமே இல்லை. 'மிஸ் கமலா'வும் அப்படியே. பாட்டுப் புத்தகங்களும், பத்திரிகை விளம்பரங்களும், மங்கிய சில புகைப்படங்களுமே எஞ்சியிருக்கின்றன.