லூசி வில்ஸ்: இரத்தசோகையின் மற்றொரு காரணத்தைத் தேடிய மருத்துவர்

கர்ப்ப காலத்தில் அரசு மருத்துவமனையில் உங்களுக்கு வழங்கப்படும் சத்து மாத்திரையில் இரும்புச்சத்துடன் போலிக் அமிலமும் அடங்கியுள்ளது. இந்த இரண்டாவது சத்தின் தேவையை உலகம் உணர வழிவகுத்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவருடைய வாழ்க்கை வரலாறு உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்ளவும் துணைபுரியும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று, 1920இல் மருத்துவராகத் தகுதி பெற்றார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தசோகையால் துன்புற்றனர், சிலர் உயிரிழந்தனர். இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துக் காணப்படும். இப்பெண்களிடமோ அவை எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் இருந்தன. எனவே காரணம் வேறு என்று அவர் கருதி, அவர்களுடைய அன்றாட உணவை ஆராய்ந்தார். அதில் கீரை, பழம் போன்றவை மிகவும் குறைவு என்பதை அறிந்தார்.

முதலில் எலிகளையும், பின்னர் ரீசஸ் குரங்குகளையும் கொண்டு அவர் சோதனைகள் செய்தார். இடையே 1929இல் குன்னூரிலும், 1931இல் சென்னையிலும் பணியாற்றினார். ஒரே இனக் குரங்குகளிடையேயும் வயது, பாலினம், கர்ப்பம் ஆகியவற்றைப் பொறுத்து இரத்த அளவுகள் மாறுபடும்; மனிதர்க்கும் இது பொருந்தும். பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவு அளிக்கப்பட்டபோது குரங்குகளுக்கும் இரத்தசோகை தோன்றியது. மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அது குணமானது. கர்ப்பிணிகளும் அச்சாற்றினால் நலம் பெற்றனர். இம்முடிவுகளை அவர் 1931இல் வெளியிட்டார்.

அந்த ஈஸ்ட் சாற்றிலிருந்த சத்து எது என்பது அப்போது தெரியவில்லை. 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்குப் போலிக் அமிலம் என்று பெயரிடப்பட்டது. வில்ஸ் தேடிய சத்து அதுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், 1964இல் காலமானார்.

நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது. ஆயினும் அந்த ஓர் எண் காரணத்தைக் கூறுவதில்லை. உங்கள் அறிக்கையில் எம்.சி.வி. என்று குறிக்கப்படுவது சிவப்பணுவின் சராசரிப் பருமன் ஆகும். பெரியவர்களுக்கு இது பொதுவாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருக்கும். இது குறைந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டையும், மிகுந்திருந்தால் போலிக் அமிலம் அல்லது வைட்டமின் பி12 குறைபாட்டையும் மருத்துவர் ஆராய்வார்.

பி12 குறைபாடு உள்ளவர் போலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால், இரத்தசோகை சீராவதுபோல் தோன்றினும் நரம்புப் பாதிப்பு தொடரக்கூடும். ஆகவே மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அறிக்கையை முழுமையாக எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி, இரத்தசோகைக்கான காரணத்தைக் கேட்டறியுங்கள்.