ஸ்வாமி ஸஹஜாநந்தர்

காட்டுமன்னார்கோயில் ஸ்ரீ நாதமுனிகளும் ஆளவந்தாரும் அவதரித்த ஊர். வீராணத்தேரியின் நீர் பாய்ந்து செழிக்கும் அதன் கழனிகளை உழுதவர்களோ, தலைமுறை தலைமுறையாகக் கோயில் மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்கள். பெரிய புராணம் கூறும் திருநாளைப்போவாராகிய நந்தனார் பிறந்த ஆதனூர், காட்டுமன்னார்கோயில் வட்டத்து ஆதனூரே என்று இப்பக்கத்தார் கொள்வர். அந்த நந்தனார் பெயரைத் தாங்கி, சிதம்பரத்திலேயே ஒரு மடமும் பள்ளியும் கண்டு, ஏறக்குறைய ஐம்பது வருஷகாலம் உழைத்தவர் ஸ்வாமி ஸஹஜாநந்தர். மத சுதந்திரம் என்பது இன்னதென்று நம்மவர் வாதம் செய்யும்போதெல்லாம் அமெரிக்காவையும் பிரான்ஸையும் உதாரணங்காட்டுவது வழக்கமாயிருக்கிறது. இந்தப் பெரியாரின் சரிதையை அறிந்தவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

இவர் 1890ஆம் வருஷம் ஜனவரி 27ந் தேதி ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. கல்வி என்னும் செல்வம் அக்காலத்தில் இவர் குலத்தாருக்குக் கிட்டியது பெரும்பாலும் பாதிரிமார் பள்ளிகளில்தான். இதை மறைப்பதிற் பயனில்லை. முனுசாமியும் அமெரிக்கன் ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர்களின் பள்ளியில் திண்டிவனத்திற் படித்தார். புத்திகூர்மையுள்ள பிள்ளையென்று பெயரெடுத்தார். கிறிஸ்து மதத்தில் சேரவேண்டும் என்ற வற்புறுத்தல் வந்தது. பிள்ளை மறுத்துவிட்டார், படிப்பு நின்றது. அவருடைய பெற்றோரோ கோலார்த் தங்கவயலில் உழைத்துப் பிழைக்கவேண்டிய நிலையிலிருந்தவர்கள். வறுமையில் வாடும் ஒரு சிறுவன், படிப்பும் உத்தியோகமும் கண்ணெதிரே இருக்க, தன் மனச்சாக்ஷிக்கு மாறாக நடக்கமாட்டேன் என்று விட்டு வருவது எளிய காரியமன்று.

பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச ஸ்வாமிகளை அடைந்து அவருக்குச் சீடராகி, வேதாந்த சித்தாந்த நூல்களைக் கற்றார். ஸஹஜாநந்தர் என்ற திருநாமம் குருநாதர் அருளியது. குருவின் ஆக்ஞைப்படி 1910ஆம் வருஷத்தில் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

எந்த மதத்தை விடமாட்டேன் என்று பள்ளிப்படிப்பைத் துறந்தாரோ, அந்த மதத்தின் தலையாய கோயிலுக்குள் அவர் புகக்கூடாது. இதுவே அவருக்குச் சிதம்பரத்தில் காத்திருந்த நிலைமை. தடுத்தவர் யார் என்று கேட்டால், தீக்ஷிதர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ராஜாங்கத்தின் பங்கையும் பார்க்கவேண்டும். கும்பினியார் 1817ஆம் வருஷத்து ரெகுலேஷன் மூலம் கோயிற் சொத்துக்களின் மேற்பார்வையைத் தாமே ஏற்றனர். கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகாராதனைக்குக் காவல் புரிவதா என்று பாதிரிமார் கிளர்ச்சி செய்யவே, மெல்ல மெல்லக் கையை உதறிக்கொண்டு, 1863ஆம் வருஷத்துச் சட்டத்தால் அடியோடு விலகினர். மத விஷயத்தில் தலையிடோம் என்பது விக்டோரியா ராணியின் 1858ஆம் வருஷத்து விளம்பரம் தந்த வாக்குறுதி. சொல்லளவில் இது மிக அழகியது. நடைமுறையில் நேர்ந்ததென்ன? கமுதிக் கோயிலில் நாடார்கள் பிரவேசித்ததைப் பற்றிய வழக்கு பிரிவி கவுன்ஸில் வரையிற் சென்று, 1908இல் அவர்களுக்கு விரோதமாக முடிந்தது. வழக்கம் என்ற பெயரால் ஒருவரை வெளியே நிறுத்தக் கோர்ட்டின் கை நீளும். உள்ளே விடச்சொன்னால் மட்டும் சர்க்கார் நடுநிலைமை வகிக்கும்! இவ்வகை நடுநிலைமையை நாம் நடுநிலைமையென்று ஒப்பமாட்டோம்.

சிதம்பரம் கோயில் தங்கள் சொந்த உடைமை என்று தீக்ஷிதர்கள் வாதித்த வழக்கில், 1890இல் நீதிபதிகள் முத்துசாமி ஐயரும் ஷெப்பர்டும் அது பொதுக்கோயிலே என்று தீர்ப்பளித்திருந்தனர். ஸ்வாமிகள் பிறந்த வருஷமும் அதுவே. ஆனால் பொது என்ற சொல்லுக்குள் நந்தனாரின் குலத்தார் அடங்குவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

ஸ்வாமிகள் கோயில் திறக்கும்வரை கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. நந்தனார் தீக்குளித்த இடமென்று கருதப்படும் ஓமக்குளத்தை ஒட்டி மடத்தையும், 1916இல் பள்ளியையும் நிறுவினார். கும்பிடுவதற்கு உரிமை கேட்பவனுக்கு முதலில் கோரிக்கையை எழுதத் தெரியவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை போலும். 1926 முதல் சென்னைச் சட்டசபையிலும் அங்கம் வகித்தார். ஆதிதிராவிடர்களின் கல்வி, நிலம், குடியிருப்பு ஆகியவை பற்றி ஓயாது பேசினார். காந்தியடிகள் 1927இல் சிதம்பரம் வந்தபோது நந்தனாரின் பெருமையை எடுத்தோதியது இவ்வேலைக்குப் பெரிய ஊக்கமாயிற்று.

ஸ்ரீ வைத்தியநாதய்யர் தலைமையில் 1939 ஜூலையில் மதுரை மீனாக்ஷியம்மன் கோயிற் பிரவேசம் நடந்தது. அதையொட்டிப் பிறந்த சட்டமும் கோயிலைத் திறப்பதைத் தர்மகர்த்தர்களின் சம்மதத்துக்கே விட்டது. 1947ஆம் வருஷத்துச் சட்டந்தான் பிரவேசத்தை உரிமையாக்கித் தடுப்பவரைத் தண்டனைக்குரியவராக்கிற்று. பின்னர் அரசியல் சாஸனத்தின் 25ஆவது ஷரத்து, மத சுதந்திரத்தை வழங்கிய கையோடு, ஹிந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டமியற்றும் அதிகாரத்தையும் ராஜாங்கத்துக்கு அளித்தது. 26ஆவது ஷரத்து மதக்கூட்டத்தார் தங்கள் மத விவகாரத்தைத் தாங்களே நடத்த உரிமை தந்தது. இவ்விரண்டும் மோதினால்?

மோதல் விரைவிலேயே வந்தது. 1951ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தைத் துணைகொண்டு சர்க்கார் சிதம்பரம் கோயில் நிர்வாகத்தை ஏற்க முயன்றபோது, தீக்ஷிதர்கள் தனி மதக்கூட்டத்தாரே என்று சென்னை ஹைகோர்ட் அவ்வருஷம் டிஸம்பரில் தீர்ப்பளித்தது. நிர்வாகம் அவர்களிடமே நின்றது. ஆனால் மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கில், 1957இல் சுப்ரீம் கோர்ட் மற்றொரு எல்லையை வகுத்தது: மதக்கூட்டத்தாருக்குச் சில சிறப்புச் சடங்குகளை ஒதுக்கிக்கொள்ளலாமேயொழிய, மற்ற ஹிந்துக்களை வாயிலில் முழுவதும் தடுக்கலாகாது. பூஜையும் சாவியும் ஒருவர் கையிலிருக்கலாம். வாயில் எல்லோருக்கும் உரியது. நம் அபிப்பிராயத்தில் இது நியாயமான பாகுபாடு. ராஜாங்கம் உண்டியலை எண்ணப் போவது வேறு, குடியின் மானத்தைக் காக்கப் போவது வேறு. முன்னதை வேண்டாமென்பவர்கள் பின்னதையும் சேர்த்து வேண்டாமென்பது பொருந்தாது.

1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் ஸ்வாமிகள் காங்கிரஸ் சார்பில் சிதம்பரம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். காவியுடுத்த துறவி சட்டசபையில் அமர்ந்தார் என்பதற்காக மதமும் ராஜாங்கமும் கலந்துவிட்டதாக எவரும் கூக்குரலிடவில்லை. அவர் அங்கே தம் மதத்துக்குச் சலுகை கேட்கச் செல்லவில்லையே!

1959 மே முதல் தேதி அவர் சமாதியடைந்தார். கோயில் நிர்வாக வழக்கு அவருக்குப் பின்னும் கிளம்பி, 2014 ஜனவரி 6ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் மறுபடியும் தீக்ஷிதர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஓமக்குளத்தில் அவர் தொடங்கிய பள்ளி, அரசாங்கத்தின் ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் நந்தனார் பெயராலேயே மேல்நிலைப் பள்ளியாக நடந்து வருகிறது.