வூல்ஃபின் காடும் எங்கள் முற்றமும்

லெனார்ட் வூல்ஃப் எழுதிய 'காட்டில் ஒரு கிராமம்' என்ற ஆங்கில நாவலை முதன்முதலில் ஒரு பேய்க்கதையாகத்தான் வாசித்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. ஆங்கில ஆசிரியரான அப்பா தந்த புத்தகம் அது. பசி, காய்ச்சல், கடன் என்று ஊர்ச்சனம் ஒவ்வொருவராகக் குறைய, காடு வேலி தாண்டி வந்து கடைசிக் குடிசையையும் மூடிவிடும். அன்றிரவு யன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுத்தேன். மனிதரை வெறுக்கும் ஓர் உயிர் போலவே அந்தக் காடு எனக்குத் தெரிந்தது.

அந்த வாசிப்பு பிழை என்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. வூல்ஃபின் வாழ்க்கையை அறிந்த பிறகுதான் அது விளங்கியது.

1880இல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் வூல்ஃப். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து, 1904 டிசம்பரில் ஒரு நாயோடும் வோல்டேரின் நூல்கள் நிறைந்த பெட்டிகளோடும் கொழும்பில் வந்திறங்கினார். அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிலுநர் அதிகாரியாக அனுப்பப்பட்டார். வடக்குப் புகையிரதப் பாதை அப்போது முழுமையாக இணைந்திருக்கவில்லை. அதனால் அனுராதபுரத்துக்கு அப்பால் மாடு பூட்டிய தபால் வண்டியில் வன்னிக் காட்டினூடாக வந்தார். பின்னாளில் அவர் எழுதப்போகும் காட்டின் முதல் முகம் நம் வன்னியில்தான் அவருக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் கோட்டை மதிலின் மேலிருந்த பங்களாவில் தங்கினார். தைபோயிட் காய்ச்சலில் கிடந்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் இரவுபகலாக வேலை செய்தார். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் கடுமையானவர்.

ஒருநாள் தெருவில் குதிரையில் போனபோது, சவுக்கால் தன் முகத்தில் அடித்தார் என்று ஒரு தமிழ்ச் சட்டத்தரணி குற்றஞ்சாட்டினார். முறைப்பாடு ஆளுநர் வரை போனது. தெருவுக்குள் நீட்டிக் கட்டிய விறாந்தையைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதாகத்தான் வூல்ஃப் விளக்கம் சொன்னார். ஆனால் முதுமையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அவர் இந்தச் சம்பவத்தை இலேசாகக் கடந்து போகவில்லை. தான் யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அந்தக் குதிரையில் தான் அமர்ந்திருந்த விதமே அந்த ஊரின் முகத்தில் விழுந்த அடிதான் என்று ஒப்புக்கொண்டார்.

1907இல் கண்டிக்கு மாற்றம். போகம்பரைச் சிறையில் தூக்குத்தண்டனைகள் நிறைவேறும்போது அதிகாரியாக நிற்க வேண்டிய கடமையும் அங்கே வந்தது. 1908இல், இன்னும் 28 வயது நிறையாத நிலையில், அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். சேனை வெட்ட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். நீதவான் இருக்கையும் அவருடையதே. 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் திரும்பவில்லை. 1912இல் பதவியைத் துறந்து, பின்னர் வர்ஜீனியா வூல்ஃப் என்று உலகம் அறிந்த எழுத்தாளரை மணந்தார். 1913இல் அந்த நாவல் வெளிவந்தது.

இதையெல்லாம் அறிந்தபின் நாவலை மீண்டும் எடுத்தேன். வேட்டைக்காரன் சிலிந்துவை அழிப்பது காடல்ல என்று இம்முறை தெரிந்தது. சேனை அனுமதியைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஊர்த் தலைவனும், கடன் கணக்கோடு வருபவனும், பாஷை புரியாத நீதிமன்றமும்தான் அவனைத் துப்பாக்கி தூக்க வைக்கின்றன. காடு கடைசியில்தான் வருகிறது, மனிதர் காலியாக்கிய இடத்துக்குள். அந்த நீதிமன்றத்து ஆசனத்தில் இருந்த வெள்ளைக்காரரே அந்தக் கதையையும் எழுதினார்.

இந்த நாவலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத்தான் வாசிக்கிறார்கள். சிங்கள வாசகர்கள் 'பெத்தேகம' என்ற பெயரில் அதைத் தங்கள் இலக்கியமாகவே எடுத்துக்கொண்டார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1980இல் படமாக்கியபோது, நீதவானாக நடித்தவர் இலங்கையில் குடியேறியிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். வன்னியில் பிறந்த என் நண்பனுக்கு நாவல் பிடிக்கவில்லை. பாலைப்பழமும் விறகும் தேனும் தந்து, ஷெல்லடிக்கு மறைவும் தந்த காட்டை ஏன் இப்படி எழுதினார் என்று கோபப்பட்டான். அவன் கோபம் நியாயமானது. காட்டுக்கு வெளியே இருந்து வந்தவரின் பயமும் அந்த நாவலில் இருக்கிறது.

என் வாசிப்பு 2017இல் இன்னொருமுறை மாறியது. 1990இல் நாங்கள் விட்டு ஓடிய, வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் ஊரின் ஒரு பகுதி அந்த வருடம் விடுவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் ஒழுங்கையே இல்லை. கூரையற்ற வீட்டின் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் நின்றது. முற்றம் முழுக்கப் பற்றை. நாவலின் கடைசிப் பக்கங்கள்தான் என் கண்முன்னே இருந்தன. ஆனால் எனக்குப் பயம் வரவில்லை. அந்தப் பற்றை யாருக்கும் எதிரியல்ல. 27 வருடங்களாக அங்கே ஆளில்லை, அவ்வளவுதான்.

1960இல், 79 வயதில், வூல்ஃப் மீண்டும் இலங்கைக்கு வந்தார். பழைய ஊர்த் தலைவர் ஒருவர் அவரைத் தேடி வந்து, மாட்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் தனக்கு விதித்த தண்டனை நீதியானதா என்று கேட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கேள்வி அவர் மனதில் கிடந்திருக்கிறது. தண்டனை சரியே என்றுதான் வூல்ஃப் நினைத்தார். ஆனாலும் அந்தக் கேள்வியை மறைக்காமல் தன் நூலில் பதிந்துவிட்டு, 1969இல் இறந்துபோனார்.

வீடு பார்க்கப் போன அன்று அப்பா எதுவும் பேசவில்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து எட்டு வைத்து அளந்து, குசினி வாசல் இருந்த இடத்தில் போய் நின்றார். பிறகு கத்தியைத் தா என்று கை நீட்டினார்.